ஐந்து நிமிடம் இருபத்தாறாவது விநாடி

பதினான்காம் எண் உள்ளே போய் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பொற்கொடியின் எண் பத்தொன்பது. ஆளுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால் பன்னிரண்டு பதினாலுக்கு அவளைக் கூப்பிட வேண்டும், பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு வெளியே வந்துவிடலாம், பிலோமினாம்மா சொன்ன பன்னிரண்டரைக்கு அப்போதும் எட்டு நிமிடம் மீதி கிடக்கும். எட்டு நிமிடம் தாராளம். ஒரு வீடியோவைப் பார்வையிலிருந்து மறைக்க விரலால் மூன்று தடவை தொட்டால் போதும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, இருந்தும் அவள் அதை நான்காவது முறையாகப் போட்டுக்கொண்டிருந்தாள், சரியாக வந்த கணக்கை எதற்கு மறுபடி போடுகிறோம் என்று நினைத்தபடியே போட்டாள். திருச்சியில் அந்தக் கல்லூரியின் இதழியல் துறைக்கு ஆள் எடுக்க யாராவது வருவது வருடத்தில் ஒரே ஒருநாள். இந்த வருடம் சென்னையிலிருந்து நேர்முனை என்ற இணையச் செய்தி நிறுவனம் வந்திருந்தது. இறுதியாண்டு மாணவர்கள் இருபத்திரண்டு பேர், கருத்தரங்க அறைக்கு வெளியே நடையில் போட்டிருந்த நாற்காலிகள் ஒன்பது, எடுக்கப் போவது இரண்டு பேரை. முடித்து வந்தவர்களும் போகாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டதில் பாதிப் பேர் நின்றார்கள், அவளுக்கு நாற்காலி கிடைத்திருந்தது. கிடைத்த நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள், சாய்ந்தால் புடவைக் கொசுவம் கலையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் கொசுவத்துக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம். அறைக் கதவின் அடியிலிருந்து ஏசிக் காற்று வந்து கணுக்காலில் பட்டது. கைப்பையில் போன் இருந்தது. போனில் அந்த வீடியோ இருந்தது என்று சொல்ல முடியாது, வீடியோ எங்கேயோ இருந்தது, எங்கே என்று யாருக்கும் தெரியாத இடத்தில், ஆனால் அதை மறைக்கிற சாவி துறையின் வீடியோ சேனலுக்கு மாணவர்களில் பொறுப்பாசிரியர் என்ற முறையில் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

போன் வந்தது பதினொன்று இருபதுக்கு. ‘பிலோமினா ஜவுளி 3ஆம் மாடி’ என்று அவளே பதிந்து வைத்த பெயர் திரையில் வந்தது. ஆறு முறை மணியடிக்க விட்டுத்தான் எடுத்தாள். “யாரு, பேட்டி எடுத்த பாப்பாவா?” “ஆமாம்மா, பொற்கொடிதான் பேசுறேன்.” “நல்லா இருக்கியா, சாப்பிட்டியா?” பதினொன்று இருபதுக்கு என்ன சாப்பாடு, ஆனாலும் சாப்பிட்டேன்மா என்றாள். “ஒண்ணுமில்ல பாப்பா. அந்த வீடியோவ எடுத்துரு. இன்னிக்குப் பன்னெண்டரைக்கு ஒரு மேட்சிங் சென்டர்ல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க, ரவிக்கத்துணிக் கட. மொதலாளி நல்ல மனுசன். அவரு மவன்தான் போனும் கையுமா கல்லாவுல உக்காந்திருக்கான். போன வாரம் ரெண்டு கடையில இப்படித்தான். பேரு என்னன்னாங்க, சொன்னேன், தட்டிப் பாத்தாங்க, நானே வந்து நின்னேன் அதுல.” அந்த அம்மா சிரித்தார். “நல்லாத்தான் பேசியிருக்கேன், இல்ல?” “நல்லாப் பேசியிருக்கீங்கம்மா.” “எடுத்துர்றியா?” “பாக்குறேன்மா.” அவ்வளவுதான் பேச்சு, ஒரு நிமிடம் ஒன்பது விநாடி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன்னால்தானே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்லலாம், பதில் சொல்லிச் சொல்லி எது சரி என்று ஒரு முடிவுக்கு வரலாம். சாப்பிட்டியா என்று கேட்டவரிடம் என்ன வாதாடுவது. எடுக்கிறேன் என்று சொல்லாமல் பார்க்கிறேன் என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நேர்முனைக்காரரிடம் இருபத்திரண்டு பேரும் தங்கள் வேலைகள் மூன்றைப் பட்டியலாகக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய பட்டியலில் முதல் வரி அந்த வீடியோ. இப்போது மறைத்தால் அவள் முறை வரும்போது அங்கே ஒரு கறுப்புக் கட்டம்தான் இருக்கும்.

நாற்பத்து மூன்று நாள் முன்பு, அந்த நான்கு மாடிக் கடையின் பின்வாசலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தது. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகிறதே, உங்களுக்கு இருக்கை இருக்கிறதா, இதுதான் கேள்வி. பதினொரு பெண்களிடம் கேட்டாள். பத்துப் பேர் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பதினோராவது பிலோமினாம்மா. “நாற்காலியெல்லாம் இருக்கு பாப்பா. குடோன்ல இருக்கு. அதிகாரி வர்ற அன்னிக்கு மேல வரும், அவரு செருப்ப மாட்டுன ஒடனே கீழ போயிரும். பத்தொம்போது வருசமா நிக்கிறேன். முட்டி இருந்த எடத்துல இப்ப என்ன இருக்குன்னே தெரியல.” மொத்தம் ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி பேசினார். அதிலிருந்து நாற்பத்தெட்டு விநாடி எடுத்தாள். எடுத்ததில் ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. குழந்தைசாமி சார் முதல் வருடம் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் நான்கு கோடு போட்டுச் சொன்னது, பேரு, வயசு, தொழில், இடம், நாலுல ஒண்ணு கொறஞ்சாலும் அது செய்தி இல்ல, புரளி. அவள் நான்கையும் கேட்டாள். ஆ. பிலோமினா, வயது 46, விற்பனையாளர், பட்டுச்சேலைப் பிரிவு, மூன்றாம் மாடி, கடையின் பெயர். அப்பா பெயர் ஆரோக்கியசாமியா என்றுகூடக் கேட்டு உறுதி செய்தாள். வகுப்பில் வேறு எட்டுப் பேர் எடுத்த பேட்டிகளில் ‘பெயர் சொல்ல விரும்பாத பெண்’ என்று இருந்தது, சார் எட்டையும் திருப்பிக் கொடுத்தார். அவளுடையதை மட்டும் பெரிய திரையில் போட்டு, பெயர்ப் பட்டை ஆறு விநாடி நிற்கிற இடத்தில் நிறுத்தி, பாருங்க, இனிஷியல்கூடச் சரியா இருக்கு என்றார். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து யாராவது பாராட்டினால் அவளுக்கு முதலில் காதுதான் தெரியும். ஆனால் அந்த நாற்பத்தெட்டு விநாடியில் சேராத மீதி ஐந்து நிமிடம் இருபத்து நான்கு விநாடியில் ஓர் இடம் இருக்கிறது. முழுப் பதிவில் ஐந்து நிமிடம் இருபத்தாறாவது விநாடி. “இது காலேஜ் புள்ளைங்க பாக்குறதுதானே?” என்று அந்த அம்மா கேட்கிறார். “ஆமாம்மா” என்று அவள் குரல் கேட்கிறது. ஐந்து முப்பத்தொன்றில், “பேரு போடலாமாம்மா?” “போடு, நான் என்ன பொய்யா சொல்றேன்.” ஐந்து முப்பத்தொன்று அவள் பக்கம். நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். ஐந்து இருபத்தாறு யார் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

பொய் சொல்லவில்லை. துறையின் சேனலுக்கு அன்றைக்கு முந்நூற்று நாற்பது பேர்தான், அதில் முந்நூறு பேர் கல்லூரிப் பிள்ளைகள், மிச்சம் நாற்பதில் பாதி அவர்களுடைய அப்பா அம்மா. ஆமாம்மா என்றது அன்றைக்கு நூற்றுக்கு நூறு உண்மை. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் எடுத்துப் பகிர்ந்தார், யாரோ ஒருவர் ‘முட்டி இருந்த இடம்’ என்று மேலே எழுதினார், ஆறாம் நாள் பதினான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். உண்மையாக இருந்த ஒன்று மூன்றாம் நாளிலிருந்து உண்மையில்லாமல் போய்விட்டது. அப்படியானால் அவள் பொய் சொன்னது எந்த நாள், சொன்ன நாளா, மூன்றாம் நாளா, ஆறாம் நாளா, ஒரு சொல் வாயை விட்டுப் போன பிறகு தானாகப் பொய்யாக மாறினால் அதற்குச் சொன்னவர் பொறுப்பா. மாறும் என்று தெரிந்திருக்க வேண்டுமா. மாறட்டும் என்று அவள் ஆசைப்படவில்லையா. ஆசைப்பட்டாள், பகிருங்கள் என்று கடைசியில் எழுதியது அவள்தானே. ஒன்பதாம் நாள் அதிகாரிகள் கடைக்கு வந்தார்கள், இந்த முறை சொல்லாமல் வந்தார்கள். பதினோராம் நாள் பிலோமினாம்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இது அவளுக்குத் தெரிந்தது இருபதாம் நாள், ரவிக்கைத் துணி எடுக்கிற சாக்கில் மூன்றாம் மாடிக்குப் போனபோது. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்திருந்தன. எண்ணினாள். பன்னிரண்டு. அந்த மாடியில் வேலை செய்கிறவர்கள் பதினான்கு பேர். மூன்று ஸ்டூலில் ஆள் இருந்தது. அவள் கிட்டே போனதும் அதில் ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றாள், வாங்கக்கா என்றாள். எழுந்திருக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்து, வாடிக்கையாளர் அப்படிச் சொன்னால் அதை மேற்பார்வையாளர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாமல் நின்றுவிட்டாள். பிலோமினாம்மா இல்லையா என்றாள். “அவங்க இப்ப வர்றதில்லக்கா” என்று அந்தப் பெண் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், மடிக்க வேண்டிய துணி அங்கே எதுவும் விரித்துக் கிடக்கவில்லை. ஆக, பன்னிரண்டு ஸ்டூல் வந்தது, ஒரு ஆள் போனார். இதைக் கூட்டுவதா கழிப்பதா. அந்த மாடிக்கு மட்டும் பன்னிரண்டு, நான்கு மாடிக்கும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் இருக்கும். நாற்பது பேர் உட்கார ஒருவர் வீட்டுக்குப் போனார் என்று சொன்னால் அது நல்ல செய்திதான் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் அந்த ஒருவருக்கு ஒரு செல்பேசி எண் இருந்தது, அது அவளிடம் இருந்தது, இருபதாம் நாளிலிருந்து இன்றைக்கு வரை இருபத்து மூன்று நாள் அவள் அதைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை கூப்பிட்டாள். இரண்டு மணியடித்ததும் வைத்துவிட்டாள். அதைக் கூப்பிட்டதாக எண்ணலாமா. வேலை போன செய்தியையும் அடுத்ததாகப் போடு என்று குழந்தைசாமி சார் சொன்னார். போடலாம், ஆனால் அதற்கும் நான்கும் வேண்டும், பேரு, வயசு, தொழில், இடம், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது.

“ஏ கொடி, பதினாலு லட்சம். இன்னும் என்னத்த யோசிக்கிற?” என்றான் பக்கத்து நாற்காலி முத்தழகன். அவன் எண் பதினேழு. “நாங்கல்லாம் அவரு கேக்கப் போற கேள்விக்குப் பதில் தேடுறோம், நீ உள்ள போயி பேரச் சொன்னாப் போதும், காப்பி குடுத்து அனுப்புவாய்ங்க.” “சும்மா இரு அழகு.” “நான் சும்மாதான் இருக்கேன். சென்னைக்குப் போனதும் எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்க. பேரு, வயசு, தொழில், இடம், நாலையும் எழுதித் தரேன். தொழில்னு கேட்டா நண்பன்னு போடு.” நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்தது வாய் மட்டும்தான். பதினைந்தாம் எண் கோகுலவாசன் பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு உள்ளே போயிருந்தான், நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று, இன்னும் வரவில்லை. அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். குழந்தைசாமி சார் நடையின் அந்தக் கோடியிலிருந்து காகிதக் கட்டோடு வந்தார். அவள் எழுந்தாள், நாற்காலி போய்விடும் என்று பையை அதில் வைத்துவிட்டு எழுந்தாள். “சார், போட்ட ஒரு வீடியோவ எடுத்துட்டா என்ன சார்?” “எந்த வீடியோ?” “பொதுவாக் கேக்குறேன் சார்.” அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “வந்த செய்தி வந்ததுதான் பொற்கொடி. தப்பு இருந்தா திருத்தம் போடணும், தப்பு என்னன்னு சொல்லணும். அழிக்கிறது வேற. அழிச்சா நாளைக்கு எவன் வேணாலும் நான் சொல்லவே இல்லம்பான். இதுல தப்பு ஏதாவது இருக்கா?” “இல்ல சார்.” “பேரு?” “சரியா இருக்கு சார்.” “வயசு?” “சரியா இருக்கு.” “அப்புறம் என்ன?” அவர் போய்விட்டார். அதுதானே, அப்புறம் என்ன. திருத்தம் போடலாம் என்றால் தப்பு வேண்டும். நாற்பத்தெட்டு விநாடியில் தப்பே இல்லை. தப்பு வெளியே வராத மீதியில் இருக்கிறது, வெளியே வராததற்கு யார் திருத்தம் போடுவார்கள். ‘கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் பார்ப்பார்கள் என்று சொன்னோம், பதினான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், வருந்துகிறோம்.’ மனத்துக்குள் எழுதிப் பார்த்தாள். அதைப் படிக்கப் பதினைந்தாவது லட்சமும் வந்து சேரும்.

கோகுலவாசன் வெளியே வந்தது பதினொன்று ஐம்பத்தேழுக்கு. பதினான்கு நிமிடம். எட்டு நிமிடக் கணக்கில் ஆறு நிமிடம் குறைந்தது, முதலில் வந்த கணக்கில் ஒரு நிமிடம் ஏற்கனவே போயிருந்தது, ஆக ஏழு. இனி அவளைக் கூப்பிடப் பன்னிரண்டு இருபத்தொன்று ஆகும், வெளியே வரப் பன்னிரண்டு இருபத்தொன்பது. ஒரு நிமிடம்தான் மீதி. ஒரு நிமிடமும் போதும், மூன்று தடவை தொடத்தானே. ஆனால் பிலோமினாம்மா பன்னிரண்டரைக்குத்தான் போவார் என்று யார் சொன்னது. ஒன்பதரைக் கடைக்குப் பத்தொன்பது வருடமும் ஒன்பது பத்துக்குப் போனவர், அதுவும் அந்த ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் இருக்கிறது, அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு பத்துக்கே வாசலில் நிற்பார். நிற்பார். உட்கார் என்று சொல்ல மாட்டார்கள். முதலாளி மகன் போனை எடுப்பான். பெயர் தலைப்பிலேயே இருக்கிறது, தலைப்பிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிட்டால் என்ன, வீடியோ இருக்கும், வேலையும் இருக்கும், தட்டினால் வராது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். தலைப்பில் ஒன்று, விவரத்தில் ஒன்று, முதல் பின்னூட்டத்தில் ஒன்று, பட்டையில் ஒன்று, கடைசியில் அவரே தன் வாயால் சொல்வது ஒன்று. ஐந்து இடம். மூன்றை அழிக்கலாம், பட்டையை மங்கலாக்கலாம், அதற்கு அது சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்று திரையில் எழுதியிருக்கிறது, முகத்தை என்ன செய்வது. அவர் சொன்னது நானே வந்து நின்னேன் என்று. பேர் வந்து நின்றது என்று சொல்லவில்லை. சரி, இதை மறைத்தாலும் வேறு நான்கு பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்களே, ஒருவன் சிரிப்பு இசை சேர்த்து, அதற்கே அறுபதாயிரம். அவற்றை அவளால் தொட முடியாது. தொட முடியாத நான்கு இருக்கும்போது தொட முடிகிற ஒன்றை எடுத்து என்ன ஆகும் என்று ஒரு மனம் கேட்டது, அந்த மனம் மிக நியாயமாகப் பேசியது, அத்தனை நியாயமாகப் பேசியதாலேயே அதன் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்த நான்கு பேரும் இதே கணக்கைத்தான் போடுவார்கள். அப்பா நினைவுக்கு வந்தார். லால்குடி வண்டியில் கண்டக்டர். அந்த வீடியோவைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு டிப்போவில் ஒவ்வொருவரிடமும் நீட்டுவார், இது எம்மவ எடுத்தது. முதல் நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, “இந்தம்மாவுக்குத் தெரியுமா, இத்தன பேரு பாக்குறாங்கன்னு?” தெரியும்பா என்றாள். அந்த நேரத்தில் தெரியாது. அப்பாவிடம் சொன்னதாவது பொய்தான், அதில் குழப்பமில்லை, அதுவரைக்கும் நிம்மதி. அவருக்கு ஆசை, மகள் சென்னையில் ஒரு பெயர்ப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். எழுந்து எழுந்து உட்கார்ந்து பிழைத்த பிழைப்பு போதும் என்பார். உட்காருவது, நிற்பது, இந்த வார்த்தைகள் ஏன் இன்றைக்கு எங்கே திரும்பினாலும் வருகின்றன. அவள் கால் மரத்திருந்தது. எழுந்து நின்று பார்த்தாள். சுவரோரம் நின்ற ரிஸ்வானா, பதினெட்டாம் எண், உட்காரலாமா என்பது போலப் பார்த்தாள். உக்காரு என்றாள் பொற்கொடி. இப்போது அவளுக்கு நாற்காலி இல்லை, அதில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது, கூப்பிடும் வரை பதினேழு நிமிடம் நின்றுவிட்டுப் பத்தொன்பது வருடத்தோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கிறோமே என்று.

முத்தழகன் வெளியே வரும்போது பன்னிரண்டு பதின்மூன்று. போகும்போது இருந்த கேலி முகத்தில் இல்லை. கதவு சாத்துவதற்குள் ரிஸ்வானா உள்ளே போனாள். “என்ன கேட்டாங்க?” “என்னத்தக் கேட்டாங்க. உன் வீடியோவத்தான் போட்டுக் காட்டுனாரு.” “உனக்கா?” “எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்குமாம். இந்த மாதிரி எடுக்க முடியுமான்னு கேக்குறாரு. பட்டை வர்ற எடத்துல நிப்பாட்டி, பேரு, வயசு, கடை, மாடி, ஒண்ணையும் மறைக்கல பாருங்க, இதுதாம்ப்பா துணிச்சல்னாரு.” அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூன்று மிடறு குடித்தான். “நான் எடுத்தேன்ல, பெயர் சொல்ல விரும்பாதவர்னு, அது கோழைத்தனமாம். அந்தம்மா அழுதுச்சு கொடி, புருசனுக்குத் தெரிஞ்சா அடிப்பான்னு. அதை எப்பிடிச் சொல்றது அவருகிட்ட. மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன்.” துணிச்சல். யாருடையது. அவள் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றாள், அவள் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில் ஒன்றரை விநாடி வருகிறது, அவளை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றுதான் சொல்கிறார்கள். பிலோமினாம்மாவின் துணிச்சலை எண்ணி அவள் பெயரில் வரவு வைத்திருக்கிறார்கள், அவளும் பட்டியலில் முதல் வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். காலையிலிருந்து எத்தனை பேருக்குக் காட்டினார், பதினேழு பேருக்கு, பதினேழு தடவை அந்த அம்மாவை இந்த ஏசி அறையில் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதில் முடிவு செய்தோம் என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. முடிவு என்றால் ஒரு காரணம் இருக்கும். விரல் போனில் இருந்தது, ஒன்று, இரண்டு, அது கேட்டது, நிச்சயமாக மாற்றவா என்று, நிச்சயம் எதுவும் இல்லை, மூன்று. கட்டம் கறுத்தது. பன்னிரண்டு பதினான்கு. நன்றாகச் செய்தோம் என்று இருக்கும் என்று எதிர்பார்த்தாள். வயிற்றில் பசி மட்டும்தான் தெரிந்தது. பிலோமினாம்மாவுக்கு எடுத்துட்டேன்மா என்று எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்குக் கூப்பிட்டார்கள். போனை அணைத்துப் பையில் போட வேண்டும் என்பது கதவில் ஒட்டியிருந்த விதி. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர்தான், நசீர், ஆசிரியர் என்று பலகை. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, தூக்கம் போதாத கண். “உக்காருங்க. உங்களுக்காகத்தான் காலைலேருந்து காத்திருக்கேன்.” மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். “லிங்க் திறக்க மாட்டேங்குது. பத்து நிமிசம் முன்னாடி ஓடிட்டிருந்துச்சு.” “நான்தான் சார் மறைச்சேன்.” “எப்ப?” “பன்னெண்டு பதினாலுக்கு.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “ஏதாவது தப்பா அதுல?” “தப்பு இல்ல சார். நாலும் சரியாத்தான் இருக்கு.” “வக்கீல் நோட்டீஸா?” “இல்ல சார். அவங்க கேட்டாங்க.” “கேட்டா எடுத்துருவீங்களா?” அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், அதனால் பயம் கூடியது. “நாளைக்கு ஒரு அமைச்சர் கேப்பாரு, எடுங்கன்னு. என்ன சொல்லுவீங்க?” இதை அவள் யோசிக்கவே இல்லை. நாற்பத்து மூன்று நாளில் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாள், அமைச்சர் ஒரு தடவைகூட வரவில்லை. “அமைச்சர்கிட்ட நான் பேரு கேட்டிருக்க மாட்டேன் சார்” என்று வாயில் வந்தது. அது பதிலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது, சிரிக்கவும் இல்லை, குறிக்கவும் இல்லை. பேனாவை மூடிவிட்டுத் திறந்தார். “சரி. எங்ககிட்ட அந்த வீடியோவோட காப்பி இருக்கு. இறக்கி வச்சுட்டோம். நீங்க சேர்ந்த முதல் வாரமே எங்க சேனல்ல போடலாம், உங்க பேர் பெருசா வரும். இதுல ஒரு கையெழுத்து மட்டும்.” அவளுடைய பட்டியல்தான், மூன்று வரி, கீழே இந்த வேலைகளை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி. அவள் பேனாவை வாங்கினாள். முதல் வரியின் மேல் ஒரு கோடு போட்டாள், அது போதாது என்று இன்னொரு கோடு, பிலோமினா என்ற இடத்தில் மூன்றாவது. “இதைத் தவிர மத்ததுக்குப் போடுறேன் சார். அந்தக் காப்பியையும் அழிச்சுடுங்க.” “அதையும் எடுத்துட்டா உங்ககிட்ட என்னம்மா மிச்சம்?” “ரெண்டாவது இருக்கு சார்.” அவர் காகிதத்தைத் திருப்பிப் படித்தார். பேருந்து நிலையங்களில் பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறைகள், ஏழு கதவு, நான்கு நிமிடம் நாற்பது விநாடி. பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெருமூச்சு விட்டாரா, ஏசியின் சத்தமா, அவர் அதைத் திறந்தார். முதல் கதவு வந்தது, பூட்டு. இரண்டாவது கதவு, பூட்டு, பூட்டின் மேல் துரு. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. இந்நேரம் பிலோமினாம்மா தன் பெயரைச் சொல்லியிருப்பார், அந்தப் பையன் தட்டியிருப்பான், அவளுடையது வராது, அந்த நான்கில் ஏதாவது வருமா, எது முதலில் வரும், அதற்குள் முதலாளி வந்து துணியை மடித்துக் காட்டச் சொல்லியிருப்பாரா. “இதுல யாரும் பேச மாட்டாங்களா?” என்றார் நசீர். “மாட்டாங்க சார்.” அவர் நம்பவில்லை. மூன்றாவது கதவு வந்தபோது கையை நீட்டி ஒலியைக் கூட்டினார்.